பரங்கிமலைப் படமும் லூக்கா என்ற பெயரும்



ஒரு படத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச விழைகிறேன். சென்னைக்குத் தெற்கே பரங்கிமலை உச்சியில், ஏறத்தாழ 300 அடி உயரத்தில், போர்த்துக்கீசியர் 1523-இல் எழுப்பிய பழைய மாதா கோயில் இருக்கிறது. குழந்தை இயேசுவை ஏந்திய தேவமாதாவின் படம் ஒன்று அங்கே வணக்கத்துக்கு வைக்கப்பட்டுள்ளது. அப்படத்தை வரைந்தவர் நான்கு சுவிசேஷகர்களுள் ஒருவராகிய புனித லூக்கா என்றும், அவர் வரைந்த ஏழு படங்களுள் இது ஒன்று என்றும், இதனை நம் நாட்டுக்குக் கி.பி. 52-இல் கொண்டு வந்தவர் இயேசுவின் சீடராகிய தோமையார் என்றும் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். மலையேறிச் செல்பவர் அனைவரும் இச்செய்தியைக் கேட்டுக்கொண்டுதான் இறங்குகிறார்கள்.

நான் கும்மிடிப்பூண்டி வட்டாரத்துப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்தவன். ஒரு முறை ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைப் பரங்கிமலைக்கு அழைத்துச் சென்று திரும்பிய பின், வழக்கம்போல் கட்டுரை எழுதச் சொன்னோம். ஒரு மாணவி ‘லூக்கா வரைந்ததாகச் சொல்லப்படும் படம்’ என்று எழுதியிருந்தாள். அந்த நோட்டைத் திருத்திய ஆசிரியர் ‘சொல்லப்படும்’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து, ‘லூக்கா வரைந்த படம்’ என்று மாற்றிவிட்டார். யாருடைய மனமும் புண்படக் கூடாது என்பது அவருடைய எண்ணம். அது கெட்ட எண்ணமன்று. அந்தப் பெண் நோட்டோடு என் அறைக்கு வந்தாள். தகப்பனார் உருக்காலைத் தொழிலாளி. அவர்கள் மாதாவிடம் மிகுந்த பக்தியுள்ள குடும்பத்தார். “ஐயா, நான் அவமரியாதையாக எழுதவில்லை. வரைந்ததைப் பார்த்தவர்கள் யாரும் எழுதி வைக்கவில்லையே என்றுதான் அப்படி எழுதினேன்” என்றாள். அடிபட்ட அந்த ஒற்றைச் சொல்லுக்குள் ஒரு சாத்திரமே அடங்கியிருக்கிறது. அதைத்தான் இப்போது சிறிது விரித்துரைக்கப் போகிறேன்.

லூக்காவைப் பற்றி நமக்குத் தெரிந்தது என்ன? புதிய ஏற்பாட்டில் கொலோசெயருக்கு எழுதப்பட்ட நிருபம் அவரை வைத்தியர் என்று குறிப்பிடுகிறது. அவர் தூரிகை பிடித்தார் என்று வேதாகமத்தில் எங்கும் இல்லை. அவர் ஓவியர் என்ற செய்தி எழுத்தில் தலைகாட்டுவது பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர்தான். ஆறாம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் வாழ்ந்த தியடோர் என்ற சரித்திர ஆசிரியரின் நூலில், யூடோக்கியா என்ற பேரரசி, லூக்கா வரைந்த மாதா படமொன்றை எருசலேமிலிருந்து தன் கணவனின் தமக்கை புல்கேரியாவுக்கு அனுப்பினாள் என்று ஒரு செய்தி வருகிறது. அதையும் பிற்காலத்து இடைச்செருகல் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அப்படியானால் நான்கு சுவிசேஷகர்களுள் லூக்காவை மட்டும் ஏன் ஓவியராக்கினார்கள்? காரணம் அவருடைய நூலிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். தேவதூதன் மரியாளிடம் வந்தது, அவள் மலைநாட்டிலிருந்த எலிசபெத்தைக் காணப் புறப்பட்டது, சத்திரத்தில் இடமில்லாமல் முன்னணையில் பிள்ளையைக் கிடத்தியது ஆகியவற்றை விரிவாகச் சொன்னவர் அவர் ஒருவரே. அந்தத் தாயைச் சொல்லால் தீட்டியவர் வர்ணத்தாலும் தீட்டியிருப்பார் என்று மக்கள் மனம் எண்ணியது. எண்ணம் பிறகு செய்தியாயிற்று.

தமிழராகிய நமக்கு இது புதிய அனுபவமன்று. அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவையும், ‘ஆத்திசூடி’ பாடிய ஔவையும் ஒருவரே என்றுதான் நம் பாட்டிமார் கதை சொன்னார்கள். இருவருக்கும் இடையே ஆயிரம் ஆண்டு போலக் கிடக்கிறது என்பதை இலக்கிய வரலாறு படித்த பிறகே அறிகிறோம். அகத்தியர் பெயரில் வழங்கும் வைத்திய நூல்களையெல்லாம் ஒரே முனிவர் எழுதியிருந்தால் அவருக்கு உறங்கவும் பொழுது இருந்திராது. பெரிய பெயர் ஒன்று இருந்தால், பெயரற்ற பொருள்கள் அதை நோக்கி ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். இதில் பொய் சொல்லும் கருத்து யாருக்கும் இருப்பதில்லை. அன்புதான் பெரும்பாலும் காரணம்.

படத்தின் விஷயத்தில் இன்னொரு காரணமும் சேர்கிறது. ரோமாபுரியில் சாந்தா மரியா மாஜோரே என்ற பேராலயத்தில் லூக்கா வரைந்ததென்று போற்றப்படும் மாதா படம் ஒன்று இருக்கிறது. இயேசு சபையின் தலைவராயிருந்த பிரான்சிஸ் போர்ஜியா 1569-இல் பாப்பரசரிடம் அனுமதி பெற்று அப்படத்துக்குப் படி எடுக்கச் செய்தார். அந்தப் படியிலிருந்து படிகள் பல பிறந்து, கப்பலேறி உலகமெங்கும் சென்றன. 1580-இல் அக்குவாவீவா முதலிய பாதிரிமார் பத்தேபூர் சிக்ரிக்குச் சென்றபோது அவற்றுள் ஒன்றைக் கொண்டு போனார்கள். அக்பர் சக்கரவர்த்தி அதன் முன் மரியாதை செய்தார் என்று அவர்களுடைய கடிதங்கள் கூறுகின்றன. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, கவனியுங்கள். திருக்குறளை ஏட்டில் பெயர்த்தெழுதியவர் யாராயிருந்தாலும், அந்த ஏடு வள்ளுவர் நூலே. நூலுக்குப் படியும் மூலமும் ஒன்று. ஓவியத்துக்கு அப்படியன்று, படி எடுத்தவனின் கை வேறு, மூலத்தை வரைந்தவனின் கை வேறு. ஆனால் பக்தர்கள் படத்தையும் ஏட்டைப் போலவே கருதினார்கள். ‘லூக்காவின் மாதாவுக்குப் படி’ என்று புறப்பட்டது, இரண்டு தலைமுறையில் ‘லூக்காவின் மாதா’ என்று ஆகிவிடும். ‘படி’ என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிடும். பரங்கிமலைப் படத்துக்கும் இப்படித்தான் நேர்ந்திருக்கக் கூடும் என்பது என் ஊகம். ஊகமென்றே அதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

இக்கதையில் நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் ஒரு பங்குண்டு. 1517-இல் மலாக்காவிலிருந்து திரும்பிய தியோகோ பெர்னாண்டஸ் முதலிய போர்த்துக்கீசியர் சிலர், கோஜா எஸ்கந்தெல் என்ற ஆர்மீனியரோடு பழவேற்காட்டில் கரையிறங்கினார்கள். கும்மிடிப்பூண்டி ஆலைப் புகைபோக்கிகளுக்குக் கிழக்கே ஏரிக்கரையில் இன்று மீன்பிடி ஊராகத் தோன்றும் அதே பழவேற்காடுதான். அந்த ஆர்மீனியர், ‘அருகே தோமையாரின் வீடு என்று சொல்லும் இடம் இருக்கிறது, வாருங்கள்’ என்று அவர்களை மயிலாப்பூருக்கு அழைத்துச் சென்றார். மயிலையிலும் மலையிலும் போர்த்துக்கீசியர் கட்டடம் எழுப்பியது அதற்குப் பின்னர்தான். அவர்களுடைய கப்பல்களில் மிளகும் துணியும் ஏறிப் போயின. பீடங்களுக்கான படங்களும் சிலுவைகளும் வந்திறங்கின. எல்லாமே கடல் கடந்து வந்தவை என்றும் எண்ணிவிடாதீர்கள். 1567-இல் கோவாவில் கூடிய திருச்சபை மன்றம், கிறிஸ்தவரல்லாத கலைஞரிடம் திருவுருவங்களைச் செய்யக் கொடுக்கக் கூடாதென்று விதி செய்தது. விதி செய்தது என்றால், அதற்கு முன்னே தாராளமாகக் கொடுத்து வந்தார்கள் என்றுதானே பொருள்? சட்டப் புத்தகத்தைப் படிக்கும்போது, தடுக்கப்பட்ட செயல் நடந்துகொண்டிருந்தது என்று சேர்த்துப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

இனி, படத்தின் உடலைப் பார்ப்போம். பரங்கிமலைப் படத்தை எண்ணெய் வர்ணப் படமென்று குறிப்பிடுவது வழக்கம். எண்ணெய் வர்ணமென்பது வர்ணப் பொடியை ஆளி விதை எண்ணெய் போன்றதொரு எண்ணெயில் குழைத்துத் தீட்டுவது. எண்ணெய் மெல்ல மெல்லப் பிராணவாயுவை ஏற்று இறுகிக் கண்ணாடி போன்ற படலமாகிறது. மெல்லிய படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசினால், உள்ளிருந்து ஒளி வருவது போன்ற தோற்றம் உண்டாகும். கன்னத்தின் செம்மையும் பட்டின் மடிப்பும் இவ்வளவு உயிரோடு வருவது அதனால்தான். இம்முறையைக் கண்டுபிடித்தவர் பதினைந்தாம் நூற்றாண்டில் பிளாந்தர் நாட்டில் வாழ்ந்த யான் வான் ஐக் என்று வசாரி என்ற இத்தாலியர் 1550-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அதுவும் ஒரு ‘லூக்கா கதை’யே! வான் ஐக்குக்கு முந்நூறு ஆண்டு முன்னரே எண்ணெய்க் கலவையைப் பற்றிக் கைந்நூல் எழுதியவர் உண்டு. அதற்கும் முன்னே, ஆப்கானிஸ்தானத்தில் பாமியான் குகைச் சுவர்களில் ஏழாம் நூற்றாண்டை ஒட்டிய பௌத்த ஓவியங்களில் எண்ணெய் வர்ணம் இருப்பதை 2008-இல் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். வான் ஐக் செய்தது கண்டுபிடிப்பன்று; அதை உச்சத்துக்கு ஏற்றியதே அவர் பெருமை.

லூக்கா வாழ்ந்த முதல் நூற்றாண்டில் படம் எப்படி எழுதினார்கள் என்பதற்குச் சாட்சி எகிப்து நாட்டில் கிடைத்திருக்கிறது. பாயும் என்ற பகுதியில், இறந்தவர் முகத்தின்மேல் வைத்துக் கட்டிய மரப்பலகைச் சித்திரங்கள் நூற்றுக்கணக்கில் அகப்பட்டன. பெரிய கண்களோடு நம்மை நேராகப் பார்க்கும் அந்த முகங்கள், உருக்கிய மெழுகில் வர்ணம் கலந்தோ, பசையில் கலந்தோ தீட்டப்பட்டவை. லூக்கா உண்மையிலேயே ஓவியராயிருந்தால் அவருடைய கைவேலை இந்தச் சாதியைச் சேர்ந்ததாக இருந்திருக்கும். ஐரோப்பிய எண்ணெய் வர்ண மரபில் அமைந்த மாதா படம், அம்மரபு தழைத்த மறுமலர்ச்சிக் காலத்துக்கோ அதற்குப் பின்னோ உரியது என்று கொள்வதே நியாயம். பழைய பலகையின்மேல் பிற்காலத்தில் எண்ணெய் வர்ணம் பூசியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டியது பேச்சாளன் அன்று, ஆய்வுச்சாலை.

ஆய்வுச்சாலையில் என்ன செய்வார்கள்? எக்ஸ் கதிரைச் செலுத்தினால் மேற்பூச்சுக்குக் கீழே புதைந்த பழைய படம் தெரியும். அகச்சிவப்புக் கதிரில் பார்த்தால், வர்ணம் பூசுமுன் கரியால் இட்ட கோடுகள் தெரியும். கடுகிலும் சிறிய துணுக்கொன்றை எடுத்து வர்ணத்தின் பொருள் யாதென்று காண்பார்கள். பிரஷ்ய நீலம் என்ற வர்ணம் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் பிறந்தது. டைட்டானிய வெள்ளை இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. இவை இருந்தால், அந்த இடம் மட்டுமாவது அதற்குப் பின்னர் தீட்டப்பட்டது என்று உறுதியாகும். பலகையைக் கரிமக் கணக்கிட்டால் மரம் எந்தக் காலத்தில் வளர்ந்தது என்று தெரியும். பழைய மரத்தில் புதிய படம் எழுதுவதை அந்தக் கணக்குத் தடுக்காது. ஆகவே இச்சோதனைகளின் எல்லையையும் மறக்கக் கூடாது. ‘இவர் அல்லர்’ என்று அவை அழுத்தமாகச் சொல்லும். ‘இவரே’ என்று மிக அரிதாகவே சொல்லும்.

இதற்கு ஓர் அழகான உதாரணம் லூக்காவைப் பற்றிய படமொன்றிலேயே கிடைக்கிறது. பிளாந்தர் நாட்டு ஓவியர் ரோகியர் வான் டெர் வெய்டன் 1435-ஐ ஒட்டி ‘லூக்கா மாதாவை வரைதல்’ என்ற எண்ணெய் வர்ணப் படத்தைத் தீட்டினார். மாதா குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருக்கிறாள். எதிரே லூக்கா பாதி மண்டியிட்டபடி வெள்ளி முனைக் கோலால் ஒரு சிறு தாளில் அவள் முகத்தைக் கோடிட்டுக்கொண்டிருக்கிறார். அந்த லூக்காவின் முகம் ரோகியரின் முகமே என்று கருதுவோர் பலர். ஓவியர்களுடைய சங்கங்கள் லூக்காவைத் தங்கள் காவலராகக் கொண்டிருந்த காலம் அது. தொல்லை என்னவென்றால், இதே படம் பாஸ்டன், லெனின்கிராடு என்று சில காலம் பெயர் தாங்கிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க், மியூனிக், புரூஜ் ஆகிய நான்கு நகரங்களில் நான்காக இருக்கிறது. எதிலும் கையொப்பம் இல்லை. மூலம் எது, படி எது என்று நெடுங்காலம் வழக்கு நடந்தது. ருஷியப் படத்தின் கதி இன்னும் விசித்திரம்: யாரோ அதை இரண்டாக அறுத்துவிட்டார்கள். லூக்கா 1850-இலும், மாதா 1884-இலுமாகத் தனித்தனியே அரண்மனைக் காட்சிசாலைக்கு வந்து சேர்ந்து, பிறகு ஒன்றாக்கப்பட்டார்கள்.

வழக்கைத் தீர்த்தது அகச்சிவப்புக் கதிர். பாஸ்டன் படத்தின் அடியில் கோடுகள் பலவிடங்களில் திருத்தப்பட்டிருந்தன. முதலில் ஒருவிதமாக இட்டு, மனம் மாறி, வேறுவிதமாக வரைந்திருக்கிறார். படி எடுப்பவனுக்கு மனம் மாற வேண்டிய அவசியமில்லை; முன்னால் இருப்பதைப் பார்த்து அவன் நேரே இழுத்துவிடுவான். தயங்கியதும் அழித்ததும் மாற்றியதும் மூலத்தை உண்டாக்கினவனுக்கே உரியவை. இன்று பாஸ்டன் படமே மூலமென்றும் ஏனையவை பிற்காலப் படிகளென்றும் அறிஞர் கொள்கின்றனர். உ.வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் கண்டு, 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உழைப்பை அறிந்தவர்களுக்கு, இந்த முறை அயலாரின் வித்தையாகத் தோன்றாது.

கண்ணை மட்டும் நம்பி ஆள் சொல்வதில் அபாயமும் உண்டு. பெரென்சன் என்ற பேரறிஞர், போத்திசெல்லியின் படங்களைப் போலவும் இருந்து முழுவதும் அப்படியில்லாமலும் இருந்த சில படங்களைத் தொகுத்து, இவற்றையெல்லாம் வரைந்த பெயரறியாத ஒருவன் இருந்திருக்க வேண்டுமென்று 1899-இல் எழுதினார். ‘சாண்ட்ரோவின் நண்பன்’ என்று அவனுக்குப் பெயரும் சூட்டினார். சில ஆண்டுகளில் உலகம் அந்த நண்பனை நம்பத் தொடங்கியது. பின்னர் பெரென்சனே அவனைக் கைவிட்டு, படங்களை மற்ற ஓவியர்களுக்குப் பகிர்ந்தளித்துவிட்டார். இல்லாதவனைப் படைப்பதும் பெரிய பெயரைச் சூட்டுவதும் ஒரே ஆசையின் இரண்டு முகங்கள்.

‘ஒரு படம், ஒரு கை’ என்பதே பல சமயங்களில் தவறான கணக்கு. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தருகே வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை எளிதில் விளக்கலாம். ஆலையிலிருந்து வரும் இரும்புக் கம்பியின் உடலில் ஆலையின் பெயர் புடைப்பெழுத்தாக இருக்கும். உலையருகே நின்றவர், உருளையில் செலுத்தியவர், வெட்டி அடுக்கியவர் என்று பலர் தொட்ட கம்பி அது, முத்திரை ஒன்றுதான். ரபேல் போன்ற ஓவியர்களின் பட்டறைகளும் அப்படியே நடந்தன. ஆசான் உருவம் அமைப்பார், முகத்தைத் தொடுவார். ஆடையும் வானமும் சீடர் வேலை. சென்னைக் கோட்டையில் 1680-இல் திறக்கப்பட்ட புனித மேரி ஆலயத்தின் பீடத்தில் ‘கடைசி இராப்போசனம்’ படம் ஒன்று இருக்கிறது. 1761-இல் புதுச்சேரி வீழ்ந்தபோது கொண்டுவரப்பட்டது என்றும், ரபேலின் பள்ளியைச் சேர்ந்தது என்றும், அதிலுள்ள கிண்ணத்தை மட்டும் ரபேலே தீட்டியிருக்கலாம் என்றும் ஒரு பேச்சு உண்டு. கிண்ணத்தை மட்டும்! பெரிய பெயரை முழுவதும் விட்டுவிட மனம் வராமல் ஒரு மூலையிலாவது பிடித்துக்கொள்ளும் இந்தச் சாமர்த்தியத்தை நான் வெகுவாக ரசிப்பதுண்டு.

பரங்கிமலைக்கே திரும்பி வருவோம். மாதா படம் இருக்கும் அதே கோயிலின் பீடத்தில் கருங்கல் சிலுவை ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. 1547-இல் அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்தது. சுற்றிலும் புரியாத எழுத்துக்கள் இருந்தன. போர்த்துக்கீசியர் பண்டிதர் ஒருவரை அழைத்து வந்து படிக்கச் சொன்னார்கள். அவர் தயங்காமல் தோமையாரின் சரித்திரத்தையே அதிலிருந்து நீளமாகப் படித்துக் காட்டினார்! கேட்டவர்கள் எதை விரும்பினார்களோ அது கல்லில் இருந்ததாயிற்று. உண்மையில் அது பாரசீக நாட்டின் பழைய பஹ்லவி எழுத்தென்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்னெல் முதலிய அறிஞர்களால் தெளிவாயிற்று. பொருள் சொல்வதில் அதன் பிறகும் ஒற்றுமை ஏற்படவில்லை. இருபதாம் நூற்றாண்டில் வின்க்வொர்த் என்ற ஆங்கில அறிஞர், ‘இதனைச் செதுக்கிய அப்ராஸ் என்பவனுக்கு இரக்கம் காட்ட வேண்டும்’ என்று கிறிஸ்துவை வேண்டும் பிரார்த்தனை அது என்று படித்தார். குரோப் என்ற ஜெர்மானியர் 1970-இல் அந்தப் பெயரைச் சப்ரிஷோ என்று படித்தார். தகப்பன் பெயர் சகார்புக்த் என்பதில் இருவரும் ஏறக்குறைய ஒத்துப் போகிறார்கள்.

இந்த வாசகத்தை முதன்முதல் படித்த நாளில் எனக்குண்டான உணர்ச்சியை எப்படிச் சொல்வேன்! ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கல்லொன்றில், அதைச் செய்தவன் தன் பெயரையும் தந்தை பெயரையும் வெட்டி, ‘எனக்காக இரங்கு’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். நாமோ முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அதில் வேறொருவருடைய கதையையே படித்து வந்தோம். அவன் பெயர் அப்ராஸா, சப்ரிஷோவா என்று இன்று அறிஞர் வாதிடுகிறார்களே, அந்த வாதமே அவனுக்குச் செய்யும் மரியாதை.

இப்படியெல்லாம் ஆராய்ந்தால் பக்தி என்னாவது என்று சிலர் அஞ்சுகிறார்கள். பழவேற்காட்டில் மீன் விற்கும் முதியவள் ஒருத்தி எனக்குப் பழக்கம். ஆண்டுதோறும் மலைக்குப் போய் வருபவள். ஒரு நாள் பேச்சு வாக்கில், அப்படத்தை லூக்கா வரையவில்லை என்று சொல்கிறவர்களும் உண்டு என்றேன். அவள் தராசைக் கீழே வைக்காமலே, “யார் எழுதினா என்ன வாத்தியாரய்யா? நான் அம்மாவைப் பார்க்கத்தானே போறேன், எழுதினவரைப் பார்க்கவா போறேன்?” என்றாள். அவளுடைய நம்பிக்கை லூக்காவின் தூரிகையில் தொங்கவில்லை. அதனால்தான் ஆராய்ச்சி அதற்கு ஒரு தீங்கும் செய்ய இயலாது. அவளுக்கு அந்தக் கேள்வி வேண்டாம். சரித்திரம் படிக்கிற மாணவனுக்கு அது வேண்டும். அவன் போவது எழுதினவரையும் பார்க்கத்தான். சிவப்பு மையில் அடிக்கப்பட்ட சொல்லை அந்த மாணவியின் நோட்டில் மீண்டும் நான் எழுதிக் கொடுத்தது அந்த நியாயத்தால்தான். நம் உரையாசிரியர்கள் ‘என்ப’, ‘என்பாரும் உளர்’ என்று ஓயாமல் எழுதுவார்களே, அவர்களுக்கு நம்பிக்கை குறைவென்று யார் சொல்வார்?

என் மதிப்பீட்டையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பரங்கிமலைப் படம் போர்த்துக்கீசியர் வருகையோடு தொடர்புடையது. லூக்காவின் பெயர் அதன்மேல் அன்பினால் படிந்தது. வரைந்தவர் லிஸ்பனில் பிறந்தவரோ, கோவாவில் அயல்நாட்டு மாதிரியைப் பார்த்து எழுதிய நம்மவரோ, நம் கடற்கரையிலேயே இருந்தவரோ! கடைசியில் சொன்னதை வெறுங் கற்பனையென்று தள்ளிவிட வேண்டாம். சோழமண்டலக் கரை அக்காலத்தில் ஓவியர் நிறைந்த கரை. பழவேற்காட்டிலிருந்து மூட்டை மூட்டையாகக் கப்பலேறிய துணிகளில், கோலை நனைத்துக் கையாலேயே பூவும் கொடியும் உருவமும் எழுதினார்கள். இம்பூறல் வேரின் சிவப்பை அத்துணிகளில் இன்றும் அயல்நாட்டுக் காட்சிசாலைகளில் கண்டு வியக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் சீட்டில் ‘சோழமண்டலக் கரை, பதினேழாம் நூற்றாண்டு’ என்றிருக்கும். ஆள் பெயர் இருக்காது. வாங்கியவர் பெயரும் ஏற்றிய கும்பினியின் பெயரும் கணக்குப் புத்தகங்களில் இருக்கின்றன. லூக்கா என்று எழுதி முடித்துவிட்டால், பரங்கிமலைப் படத்தை எழுதிய கையைத் தேட ஒருவரும் புறப்படமாட்டார். ‘வரைந்தவர் பெயர் அறியப்படவில்லை’ என்று எழுதி வைத்தால், என்றோ ஒரு நாள் உங்களில் ஒருவர் புறப்படக் கூடும்.

மலைக்குப் போக விரும்பும் மாணவர்களுக்கு வழி சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி மின்தொடரில் சென்னை சென்ட்ரல் வரை வந்து, எதிரேயுள்ள பூங்கா நிலையத்தில் தாம்பரம் வண்டி ஏறினால் பரங்கிமலையில் இறங்கலாம். மலைப்படிகளைக் கட்டுவித்தவர் பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-இல் பாலம் கட்டியவரும் அவரே. மேலே சென்றதும் மாதா படத்தை நிதானமாகப் பாருங்கள். பிறகு பீடத்துச் சிலுவையின் விளிம்பையும் பாருங்கள். எழுத்துக்கள் வலப்புறமிருந்து இடப்புறமாக ஓடும். சகார்புக்தின் மகன் பெயர் அந்த வரிசையில்தான் இருக்கிறது.